புதுப்பிப்பு: அம்பாசடர் மார்க் 4-இல் இசுசு 5 கியர் பெட்டி, உறுமல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கியர் பெட்டி மாற்றியதும் கிளட்சை முழுசா மிதிச்சாலும் ஃபர்ஸ்ட், ரிவர்ஸ் கர்ருன்னு உறுமுதுன்னு கேட்டிருந்தேன். முதல்ல கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிச்சா எண்ணெயைத் தள்ளுற பாகம்) மாத்தினேன். காசுதான் போச்சு.

"பைலட் புஷ்ஷைப் பாரு தம்பி"ன்னு தென்காசி அண்ணன் சொன்னதுதான் சரி. பெட்டியை இறக்கிப் பார்த்தா, இன்ஜின் கிராங்க் முனையில இருந்த அந்த வெண்கல புஷ், இன்புட் ஷாஃப்டை (கியர் பெட்டிக்குள்ள சுழற்சியைக் கொண்டுபோற தண்டு) இறுக்கிப் பிடிச்சிருந்தது. கிளட்சை மிதிச்சாலும் ஷாஃப்ட் இன்ஜின் கூடவே சுத்தியிருக்கு. செங்கோட்டை லேத்துல உள்விட்டத்தை மயிரிழை கடைஞ்சதும், விரலால தள்ளினாலே சுத்துது.

நேத்து புளியரையில இருந்து ஆரியங்காவு வரை ஏறினேன். வளைவுல வண்டி ஓடும்போதே ஃபர்ஸ்ட் விழுது; பழைய பெட்டியில நிறுத்தினாத்தான் விழும். எதிர்பாராதது ஒண்ணு: போன் ஜிபிஎஸ்ல வேகம் 50 காட்டும்போது ஸ்பீடோமீட்டர்ல 40தான்.