புதுப்பிப்பு: பெரியப்பாவின் தள்ளாட்டத்துக்குக் காரணம் தெரிந்தது

அம்பாசமுத்திரத்துப் பெரியப்பாவுக்கு வலிப்பு நிற்காததால் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தை 300 மில்லிகிராமிலிருந்து 400 ஆக்கியதும் தள்ளாட ஆரம்பித்தார் என்று முன்பு எழுதியிருந்தேன். பக்கவாதமோ என்று பலர் பயந்தீர்கள். இல்லை. பாளையங்கோட்டையில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தோம்: 31. மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கலாம்.

நூறு கூட்டியதற்கா இவ்வளவு? இந்த மருந்தின் குணமே அதுதான். இதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. மடை முழுக்கத் திறந்த பிறகும் வரத்து கூடினால் குளம் ஏறுவதுபோல, எல்லையைத் தொட்டதும் சிறிது கூட்டினாலே ரத்தத்தில் அளவு எகிறிவிடும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறு. இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும் ஆல்புமின் என்ற புரதம் ரத்தத்தில் குறைந்தவர்களுக்கு அளவு சரியாகத் தெரிந்தாலும் மருந்து வேலை செய்வது அதிகமாக இருக்கும். அதையும் சேர்த்தே பார்த்தார்கள், நல்லவேளை இவருக்குக் குறைவில்லை.

டாக்டர் மருந்தைச் சற்று நிறுத்தி, 350-ல் மறுபடி தொடங்கியிருக்கிறார். இப்போது வரப்பில் தானாக நடக்கிறார். அளவு நிலைப்பட இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் அதன் பிறகே மறுபரிசோதனை, காலை மாத்திரைக்கு முன்னால்.

நாமே குறைக்கலாமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு: வேண்டாம். டாக்டர் சொல்லாமல் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் ரத்த அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.