150 லிங்க், 99 அடி

குழு: தோட்டத்து வீடு

கார்த்திக்: பெரியப்பா, காலையிலிருந்து மனசே சரியில்லை. நம் தோட்டத்துப் புலப்படத்தில் (சர்வே வரைபடம்) ரோட்டுப் பக்கம் 150 என்று போட்டிருக்கிறது. டேப் வைத்து மூன்று முறை அளந்துவிட்டேன், 99தான் வருகிறது. 51 அடி எங்கே போனது?

கார்த்திக்: பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன வருஷம் வேலி மாற்றிக் கட்டினார் இல்லையா? நாளைக்கு நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

பெரியப்பா: போகாதே. அது எப்போது எடுத்த படம்?

கார்த்திக்: தாத்தா வைத்திருந்த நகல்தான். வருஷம் அழிந்துபோயிருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் அது அடிக் கணக்கு இல்லை தம்பி, லிங்க். 150 லிங்க் என்றால் 99 அடி. நம் நிலம் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

மீனா அத்தை: முருகா! நல்ல வேளை, இங்கே கேட்டான். அந்த மனுஷர் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

அனிதா: மாமா, லிங்க் என்றால் என்ன? பத்திரத்தில் சென்ட் என்றுதானே இருக்கிறது?

பெரியப்பா: சென்ட் என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு அம்மா, லிங்க் நீளத்துக்கான அளவு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், 7.92 அங்குலம். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற இங்கிலாந்துக் கணிதக்காரர் இந்த அளவைக் கொண்டுவந்தார்.

கார்த்திக்: அது ஏன் 66? 50, 100 என்று வைத்திருக்கலாமே?

பெரியப்பா: அங்கேதான் அவர் மூளை. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கில் எடுத்துப் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் சென்ட். வயல் வரப்பில் நின்றபடியே கணக்கை முடித்துவிடலாம். நம் இடத்துக்கு நீயே போட்டுப் பார், ரோட்டுப் பக்கம் 150, தெற்குப் பக்கம் 80.

அனிதா: 12,000. அப்படியென்றால் 12 சென்ட்! பத்திரத்திலும் அதேதான் மாமா!

பெரியப்பா: நான் சர்வே வேலையில் சேர்ந்தபோது பழைய சங்கிலி ஒன்று இருந்தது. பத்துப் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தாவதுக்கு ஒரு பல், இருபதாவதுக்கு இரண்டு பல், நடுவில் ஐம்பதுக்கு வட்ட வில்லை. சேற்றில் கிடந்தாலும் கையால் தடவியே எத்தனையாவது கண்ணி என்று சங்கிலி பிடிக்கிற செயின்மேன் சொல்லிவிடுவார்.

பெரியப்பா: ஆனால் இழுத்து இழுத்து வளையம் தேயும், சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் குறைந்து தெரியும். அதனால் 66 அடிக்கு இரண்டு குறி வைத்து அடிக்கடி சரிபார்ப்போம். அதில் மட்டும் சோம்பல் கூடாது, ஒரு குடும்பத்தின் சோறு அது.

மீனா அத்தை: கோயில் சுவரில்கூட அளவுகோலை வெட்டி வைத்திருப்பார்கள் இல்லையா அண்ணா?

பெரியப்பா: ஆமாம். கல்வெட்டுகளில் 12 சாண் கோல், 16 சாண் கோல், 18 சாண் கோல் என்று பல உண்டு. எந்தக் கோலால் அளந்தது என்று சொன்னால்தான் கணக்கு நிற்கும். சுவரில் இருந்தால் யார் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றும்.

மீனா அத்தை: நாங்கள் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றால் மூன்று பர்லாங் என்போம். அதுவும் இந்தக் கணக்குத்தானா?

பெரியப்பா: பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், 660 அடி. உழவுசால் நீளம் என்பதுதான் அந்தச் சொல்லுக்கே பொருள். ஏர் மாடு நிற்காமல் ஒரே மூச்சில் உழுகிற தூரம்.

பெரியப்பா: மைல் ரோமானியர்களுடையது. படைவீரன் இடது கால், வலது கால் என்று இரண்டும் எடுத்து வைத்தால் ஒன்று, அப்படி ஆயிரம்; அவர்கள் அடியில் 5000. இங்கிலாந்தில் 1593 இல் சட்டம் போட்டு எட்டு பர்லாங் ஒரு மைல் என்று ஆக்கினார்கள். பர்லாங்கைக் குறைத்தால் ஊர் நிலக் கணக்கெல்லாம் குழம்பும். அதனால்தான் மைல் 5280 அடி என்று இழுபட்டது. உழவன் அளவு அப்படியே நின்றது பார்!

அனிதா: பள்ளியில் 5280 என்று மனப்பாடம் செய்தோம், ஏன் என்று யாரும் சொல்லவில்லை மாமா.

பெரியப்பா: நம் நாட்டில் 1956 இல் மீட்டருக்குச் சட்டம் வந்தது, 1958 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வர ஆரம்பித்தது. புதுப் படங்கள் மீட்டரில் இருக்கும். படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எந்த அளவு என்று பார் கார்த்திக், அப்புறம் டேப்பை எடு.

கார்த்திக்: சரி பெரியப்பா. தெற்குப் பக்கம் 80 லிங்க் என்றால் 52.8 அடி. அதையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

*மாலை 5:40*

கார்த்திக்: 52 அடி 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. சரியாக இருக்கிறது! டேப்பின் மறுமுனையைப் பிடித்தது பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். மோர் கொடுத்தார்.

மீனா அத்தை: அவர் வீட்டம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

பெரியப்பா: எல்லைக் கல்லின் நடுவிலிருந்துதானே பிடித்தீர்கள்?

கார்த்திக்: ஆமாம் பெரியப்பா, நடுவிலிருந்து நடுவுக்கு.