கேம் வரவே ஏழு வருஷம் என்றால் பிஎஸ்5 எதற்கு?

முகப்புத்திண்ணை, காரைக்குடி:
சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் மகன் அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறான், பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிவியில் கேம் ஆடும் மெஷின்) வாங்கிவரச் சொல்லலாமா என்று மூன்று நாளாக யோசனை. இப்போதெல்லாம் ஒரு பெரிய கேம் வரவே ஆறு ஏழு வருஷம் ஆகிவிடுகிறது. பழைய பிஎஸ்3இல் சோனியின் நாட்டி டாக் ஸ்டூடியோ மட்டுமே 2007 முதல் 2013க்குள் மூன்று அன்சார்ட்டட் கேம், ஒரு லாஸ்ட் ஆஃப் அஸ் கொடுத்தது. பிஎஸ்5 வந்தது 2020 நவம்பரில், இன்னும் அவர்களிடமிருந்து ரீமேக்கும் ரீமாஸ்டரும்தான், அதாவது பழைய கேமையே புதுப்பித்துத் தருவது. அப்படியும் மெஷின் விற்றுக்கொண்டே இருக்கிறதே, எப்படி?

மண்டகப்படி:
பழைய சரக்கு கைகொடுக்கிறது. பிஎஸ்4 கேம்களில் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ்5இல் ஓடும். 2022இல் வந்த ஹொரைசன், காட் ஆஃப் வார் இரண்டையும் பிஎஸ்4க்கும் சேர்த்தே விட்டார்கள், அத்தனை செலவு செய்த பிறகு புது மெஷின்காரர்களை மட்டும் நம்பினால் போட்ட காசு வராது. கால் ஆஃப் டியூட்டி வருஷா வருஷம் வருவதும் ஒரே ஆள் வேகமாகச் செய்வதால் இல்லை, நம்ம ஊர் திருவிழா மண்டகப்படி மாதிரி ஸ்டூடியோக்கள் முறை வைத்துச் செய்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் இடையில் சில வருஷம் கிடைக்கும்.

வளவுவீட்டான், தேவகோட்டை:
பழைய சரக்கு எல்லாரையும் காப்பாற்றாது அண்ணே. நின்டென்டோவின் வீ யூ மெஷினில் அதற்கு முந்தைய வீ மெஷினின் கேம்கள் ஓடத்தான் செய்தன. 2012இல் வந்த மெஷின், எச்டி படத் தரத்துக்கு மாறியதில் நின்டென்டோ நினைத்ததைவிட வேலை இழுத்துவிட்டது, ஆரம்பத்திலேயே வரவேண்டிய பிக்மின் 3 கேம் அடுத்த வருஷம் ஜூலைக்குப் போனது, கேம் செய்து தரும் வெளி கம்பெனிகளும் கழன்றுகொண்டன. பெயரும் குழப்பம் (பழைய வீயா, புது மெஷினா என்று பலருக்குத் தெரியவில்லை), அதையும் சொல்லவேண்டும். மொத்தம் சுமார் 1.35 கோடி மெஷின் விற்றதோடு முடிந்தது. ஆனால் வேடிக்கை இதுதான்: அந்த மெஷினுக்கு 2015இல் வருவதாகச் சொன்ன செல்டா கேம் 2017 மார்ச்சுக்குத் தள்ளிப்போய், நின்டென்டோவின் அடுத்த மெஷினான சுவிட்ச் வந்த அன்றே அதிலும் வந்தது. அடுத்து ஏப்ரலில் மரியோ கார்ட் (வீ யூ கேம்தான், அந்த மெஷினை வாங்கியவர்களே குறைவு என்பதால் பலர் பார்க்கவே இல்லை), ஜூலையில் ஸ்பிளாட்டூன் 2, அக்டோபரில் மரியோ ஒடிசி. சுவிட்ச் விற்பனை 15 கோடியைத் தாண்டியது. ஒரு மெஷினைக் காயப்போட்ட தாமதம் அடுத்ததற்குச் சீர்வரிசையாகிவிட்டது.

மண்டகப்படி:
மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. 2020 நவம்பரில் அவர்களது புது மெஷின் சீரிஸ் எக்ஸோடு வரவேண்டிய ஹேலோ கேம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளி 2021 டிசம்பரில்தான் வந்தது. மெஷின் வாங்கியவன் தீபாவளிக்கு என்ன விளையாடுவான்?

முகப்புத்திண்ணை:
அப்போ எல்லாரும் காத்திருக்கும் ஜிடிஏ 6 கேமை நம்பி பிஎஸ்5 வாங்கலாமா? அப்பச்சி "பழைய பெட்டிக்கு என்ன கேடு" என்கிறார்.

வளவுவீட்டான்:
அறிவித்த தேதியை நம்பி வாங்காதீர்கள். 2025 என்றார்கள், 2026 மே என்றார்கள், அப்புறம் நவம்பர் 19 என்றார்கள். இன்றைக்கு கடையில் இருப்பதில் நீங்கள் விளையாடாதது நான்கைந்து இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அப்பச்சி சொல்வதுதான் சரி. வாங்கினால் டிஸ்க் போடுகிற மாடலாகப் பார்த்துச் சொல்லுங்கள், பிஎஸ்4 டிஸ்க்குகள் அதில் ஓடும்.

முகப்புத்திண்ணை:
பிஎஸ்4 டிஸ்க் பதினெட்டு இருக்கிறது, அதில் ஆறு இன்னும் பிரிக்கவே இல்லை. அவனிடம் மைலோ டின் மட்டும் வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.