இருபதில் பதினைந்து பேர்

வாட்ஸ்அப் குழு: தண்ணீர்மலைக் குடும்பம், பினாங்கு

சித்தி, இரவு 8:12
(ஃபார்வர்டு செய்தது) மாணவர்களின் ஞாபக சக்திக்கு வல்லாரை மாத்திரை!! 20 மாணவர்கள் ஒரு மாதம் சாப்பிட்டார்கள். 15 பேருக்கு மார்க் கூடியது. புள்ளியியல் முறையில் நிரூபிக்கப்பட்டது, பி மதிப்பு 0.02. அதாவது 98 விழுக்காடு உறுதி! ஒரு போத்தல் 89 வெள்ளி (ரிங்கிட்). சீக்கிரம் ஆர்டர் பண்ணுங்கள்.

சித்தி, 8:13
யாழினி, நீ மனோவியல்தானே படிக்கிறாய். இது உண்மையா பார்த்துச் சொல். முகிலனுக்கு எஸ்பிஎம் பரீட்சை வருகிறது. இரண்டு போத்தல் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

முகிலன், 8:13
அம்மா வேண்டாம். வல்லாரைத் துவையலையே நான் தொடமாட்டேன்.

சித்தி, 8:14
போனை வைத்துவிட்டுப் படி.

யாழினி, 8:20
ஐயோ சித்தி, நாளைக் காலையில் எனக்கு இதே பாடத்தில்தான் டெஸ்ட். பி 0.02 என்பது 0.05க்குக் கீழே. அதனால் நல் ஹைபாதிசிஸை, அதாவது மாத்திரை ஒன்றுமே செய்யாது என்ற ஊகத்தை, நிராகரிக்கலாம். அப்படியென்றால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அப்படித்தானே மீனாக்கா?

அம்மா, 8:21
சாப்பிட்டாயா?

யாழினி, 8:21
ரூம்மேட் மீ கோரிங் தாபாவ் பண்ணிக் கொண்டுவந்தாள்மா.

மீனா, 8:30
யாழி, நாளைக்கு இப்படி எழுதாதே. முதல் பாதி சரி, கடைசி வரி தப்பு.

மீனா, 8:34
நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 0.02 சரியாகத்தான் இருக்கிறது. மாத்திரை ஒன்றுமே செய்யாது, ஒரு பிள்ளைக்கு மார்க் ஏறுவதும் இறங்குவதும் காசு சுண்டிப் போடுவது போல் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள். அப்போது 20 பேரில் 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஏறுவதற்கான வாய்ப்பு 0.0207. இப்படி நூறு தடவை ஆள் பிடித்துச் சோதித்தால் சும்மாவே இரண்டு தடவை இந்த மாதிரி வரும்.

மீனா, 8:36
பி மதிப்பு சொல்வது அவ்வளவுதான். ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படி ஒரு முடிவு வருவது எவ்வளவு அபூர்வம். இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, மாத்திரை வேலை செய்ய எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று கேட்பது வேறு கேள்வி. நூற்றிலிருந்து இரண்டைக் கழித்து 98 என்று போட்டவருக்கு அது தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரியும்.

யாழினி, 8:37
இரண்டும் ஒன்று மாதிரிதான் இருக்கிறது அக்கா. திருப்பிப் போட்டால் அதுதானே?

மீனா, 8:39
திருப்பிப் போட முடியாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அதற்காகத் தமிழர்களில் பெரும்பாலோர் காவடி எடுக்கிறார்களா?

பெரியப்பா, 8:40
சீனர்களும் எடுக்கிறார்கள் லா. போன வருஷம் என் பக்கத்திலேயே நடந்து வந்தார் ஒருவர்.

மீனா, 8:40
அதனால்தான் பெரியப்பா பெரும்பாலோர் என்றேன்.

சித்தி, 8:44
எனக்கு இந்த பி எல்லாம் புரியவில்லை. 15 பிள்ளைகளுக்குக் கூடியதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

மீனா, 8:51
கூடியிருக்கும் சித்தி. நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எதனால் கூடியது? பரீட்சைக்கு முந்தின மாதம் எந்தப் பிள்ளையும் கொஞ்சமாவது படிக்கும். டியூஷன் நடக்கும், ட்ரையல் பேப்பர் செய்வார்கள். மாத்திரையே இல்லாமல் 20 பேரில் 15 பேருக்குக் கூடுவது அந்த மாதத்தில் சாதாரணமாக இருக்கலாம். கணக்கு தள்ளிவிட்டது "பாதிக்குப் பாதி" என்ற ஊகத்தைத்தான். அந்த ஊகத்தை வைத்ததே தப்பு. சின்ன பி அதைக் கவனிக்காது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும்.

மீனா, 8:54
இன்னொன்று. போன தடவை மார்க் குறைந்த பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்திருந்தால் கதையே வேறு. மிகக் குறைவாக வாங்கியவர்களில் சிலருக்கு அன்றைக்குக் காய்ச்சலோ, தெரியாத கேள்வியோ வந்திருக்கும். அடுத்த தடவை அவர்கள் தானாகவே மேலே வருவார்கள். கால்டன் என்பவர் 1886இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து இதைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தார்கள். மாத்திரை விற்பவர்களுக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது.

சித்தி, 8:55
அப்படியென்றால் வேலை செய்யாது என்கிறாயா?

மீனா, 8:56
அதையும் சொல்ல முடியாது சித்தி. இதை வைத்து இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது. இன்னும் 20 பிள்ளைகள் வேண்டும், அதே மாதிரி தோற்றத்தில் ஒன்றும் இல்லாத வெற்று மாத்திரை வேண்டும். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும்.

பெரியப்பா, 9:05
மீனா, நீ சொல்வது மாத்திரைக்குச் சரி. எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. நான் லாட்டரியில் கனவில் கண்ட நம்பரை எடுக்கிறேன், பரிசு விழுகிறது. உன் பெரியம்மாவிடம் கேள். போன வருஷம் மூன்று தடவை.

கதிர், 9:06
வந்துவிட்டார்.

மீனா, 9:07
பெரியப்பா, ஒரு குலுக்கலுக்கு எத்தனை நம்பர் எடுக்கிறீர்கள்?

பெரியப்பா, 9:08
பத்து. சில சமயம் கூட. புதன், சனி, ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளிதான், எல்லாப் பரிசும் சேரும் "பெரிசில்" போடுவேன்.

மீனா, 9:16
சரி, போட்டுப் பார்க்கலாம். நான்கு இலக்கத்தில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர். ஒரு குலுக்கலில் முதல் மூன்று பரிசு, பத்து ஸ்பெஷல், பத்து ஆறுதல், மொத்தம் 23. ஆக ஒரு நம்பருக்கு ஏதாவது கிடைக்க வாய்ப்பு 10,000இல் 23. வாரத்துக்கு 30 நம்பர், வருஷத்துக்கு 1,560. கனவே காணாமல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்கூட வருஷத்துக்குச் சராசரி மூன்றரை தடவை விழும். ஒரு தடவைகூட விழாமல் போக வாய்ப்பு 3 விழுக்காடுக்கும் குறைவு.

கதிர், 9:17
ஹாஹா! கனவு கண்டவருக்குக் கிடைத்தது மூன்றுதான்.

பெரியப்பா, 9:18
நீ சும்மா இரு டா.

மீனா, 9:20
பணக் கணக்கும் இருக்கிறது பெரியப்பா. பெரிசில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, அப்புறம் 1,000, 500. ஸ்பெஷல் 180, ஆறுதல் 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 64 காசு திரும்பி வருகிறது.

பெரியப்பா, 9:22
ஆனால் ஒரு நம்பர் ரொம்ப நாளாக விழவில்லை என்றால் அது கட்டாயம் வரத்தானே வேண்டும்? நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மீனா, 9:25
குலுக்கல் உருளைக்கு உங்கள் நோட்டு தெரியாதே பெரியப்பா. 1913இல் மோண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரம் தொடர்ந்து 26 தடவை கறுப்பில் நின்றது. இனி சிவப்புதான், சிவப்புதான் என்று போட்டுப் போட்டுப் பணத்தை இழந்தார்கள். ஒவ்வொரு சுற்றும் புதுச் சுற்று.

மீனா, 9:27
உண்மையிலேயே கனவைச் சோதிக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யலாம். குலுக்கலுக்கு முன்னாலேயே கனவு நம்பரை இந்தக் குழுவில் போடுங்கள். கதிர் தன் போனில் குருட்டாம்போக்கில் அதே எண்ணிக்கையில் நம்பர் எடுக்கட்டும். எத்தனை மாதம், எதை வெற்றி என்று கணக்கில் சேர்ப்போம் என்பதை இப்போதே பேசிவிட வேண்டும். விழுந்த பிறகு "இதுவும் கனவில் வந்தது" என்று சொல்லக் கூடாது.

பெரியப்பா, 9:28
நம்பரை முன்னாலேயே சொன்னால் பலிக்காது.

முகிலன், 9:28
😂😂

சித்தி, 9:28
நீ இன்னும் படிக்கவில்லையா?

யாழினி, 9:33
அக்கா, டெஸ்டில் டைப் 1, டைப் 2 பிழைகள் வரும் என்று லெக்சரர் சொன்னார். எது எது என்று எப்போதும் மாறிப் போகிறது.

கதிர், 9:36
அதை நான் சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் எங்கள் சிப் தொழிற்சாலை லைனில் தினமும் இதே பிரச்சினைதான். "சிப் நல்லது" என்பது நல் ஹைபாதிசிஸ். நல்ல சிப்பை மிஷின் கெட்டது என்று தள்ளினால் டைப் 1, பொய் அலாரம். கெட்ட சிப்பை விட்டுவிட்டால் டைப் 2. ஒன்றை இறுக்கினால் மற்றது கூடும். அதிகம் சோதித்தால்தான் இரண்டும் குறையும், அதற்குக் காசு செலவாகும். முதலாளி டைப் 1க்குத் திட்டுவார், கஸ்டமர் டைப் 2க்குத் திட்டுவார்.

யாழினி, 9:37
இதை அப்படியே எழுதிவிடுவேன் அண்ணா. 0.05 மட்டும் எங்கிருந்து வந்தது?

மீனா, 9:42
ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1925இல் இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று எழுதினார். வசதி, அவ்வளவுதான். அதன் பிறகு எல்லாரும் அதைக் கோயில் படி மாதிரி ஆக்கிவிட்டார்கள். 0.049 என்றால் கொண்டாட்டம், 0.051 என்றால் குப்பை. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. உங்கள் துறைக்கே இதனால் அடி விழுந்தது. வெளியான 100 மனோவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு 0.05க்குக் கீழே இருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் அப்படி வந்தன.

மீனா, 9:44
காரணம் பல. ஒன்று, பல சோதனை செய்து நன்றாக வந்ததை மட்டும் காட்டுவது. ஒன்றுமே இல்லாத 20 விஷயத்தைத் தனித்தனியாகச் சோதித்தால், அதில் ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 விழுக்காடு வாய்ப்பு. அந்த மாத்திரைக்காரர் எத்தனை பள்ளியில் முயன்றார் என்று விளம்பரத்தில் இருக்கிறதா?

அம்மா, 9:46
டி டெஸ்ட் என்று யாழி புலம்பிக்கொண்டிருந்தாளே, அது என்ன? ரத்தப் பரிசோதனையா?

மீனா, 9:48
இல்லைமா. கொஞ்சம் பேரின் மார்க்கை வைத்து இரண்டு கூட்டத்தின் சராசரியை ஒப்பிடும் முறை. இதன் அடிப்படையை டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட் என்பவர் 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

பெரியப்பா, 9:49
பீர்காரர் கண்டுபிடித்ததா? அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சித்தி, 10:05
விற்கிறவரிடம் கேட்டேன். மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கூடியது என்று. சாப்பிடாதவர்களை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்கிறார். இரண்டு எடுத்தால் ஒன்று இலவசமாம்.

கதிர், 10:06
பதில் கிடைத்துவிட்டது.

சித்தி, 10:07
ஆமாம் லா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாசாரில் வல்லாரைக் கட்டு மலிவாகக் கிடைக்கிறது, துவையல் அரைத்துவிடுகிறேன்.

முகிலன், 10:07
அக்கா, மாத்திரையே பரவாயில்லை என்று சொல்லுங்கள்.

யாழினி, 10:15
கடைசிக் கேள்வி மீனாக்கா. ஒன் டெயிலா டூ டெயிலா?

மீனா, 10:19
கேள்வி "கூடுமா" என்று மட்டும் கேட்டால் ஒன் டெயில். "மாறுமா" என்றால் டூ டெயில், குறைந்தாலும் கணக்கில் சேரும். டேட்டாவைப் பார்ப்பதற்கு முன்னால் முடிவு செய்துவிடு. இந்த மாத்திரைக் கணக்கே டூ டெயில் போட்டால் 0.04 ஆகிவிடும். கேள்வியில் எதுவும் சொல்லவில்லை என்றால் டூ டெயில் போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுது.