தேதி தாண்டின பாக்கெட்டைத் தூக்கிப் போடணுமா?

கல்சட்டி:
ரவை பாக்கெட்டில் போட்ட தேதி முடிஞ்சு மூணு நாள் ஆச்சுன்னா அப்படியே குப்பைக்கூடையில் கொட்டுற பழக்கம் பெருகிட்டு வருது. இது வீண் பயம். என் வாதம் ஒண்ணுதான்: தேதியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பொருளைப் பாருங்க.

ரவை, சேமியா, துவரம்பருப்பு, மிளகு, டீத்தூள், சர்க்கரை இதெல்லாம் பாக்டீரியா வளர வழியில்லாத இடம். உணவில் கிருமிக்குக் கிடைக்கிற ஈரத்தை 0-லிருந்து 1 வரை அளப்பாங்க, நீர்ச் செயல்பாடுன்னு பேரு. பால், பச்சை இறைச்சி எல்லாம் 0.98, 0.99-ல நிக்கும். பெரும்பாலான பாக்டீரியா வளர 0.91-க்கு மேல வேணும். 0.6-க்குக் கீழே பூஞ்சணம்கூட வளராது. டீத்தூளும் பால்பவுடரும் அதுக்கும் கீழே. நல்லாக் காய்ஞ்ச ரவை அந்த எல்லையை ஒட்டி.

ரவைக்கு வரக்கூடியது வண்டு. அதுக்குத் தேதி தெரியாது, தேதிக்குள்ளேயே வரும். வாங்கினதும் சின்னத் தீயில் 5, 6 நிமிஷம் வாசம் வரும்வரை வறுத்து, முழுசா ஆறினப்புறம் டப்பாவில் போடுங்க. சூட்டோட மூடினா மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும், பூஞ்சணம் அங்கேயிருந்துதான் கிளம்பும்.

நுண்ணுயிரி:
ஈரத்தைப் பற்றிச் சொன்னது சரி, கல்சட்டி. ‘பொருளைப் பாருங்க’ என்றீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இதைப் படிக்கிறவர் ரவையோடு நிற்கமாட்டார். அதே கண்ணோடு பன்னீரையும் கோழியையும் பார்ப்பார்.

மூக்குக்குத் தெரிவது உணவைக் கெடுக்கும் கிருமி. கறி வழவழத்து நாறினால் அது சூடோமோனாஸ் போன்றவற்றின் வேலை. நோய் தரும் சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் பெருகினால் நிறமும் மணமும் மாறாமலே இருக்கலாம். லிஸ்டீரியா ஃப்ரிட்ஜில் 4 டிகிரியிலும் மெல்லப் பெருகும். கர்ப்பிணிக்கு அது வந்தால் கரு கலையும் அபாயம் உண்டு.

‘நல்லாக் கொதிக்க வெச்சா சரியாப்போகும்’ என்பார்கள். கிருமி சாகும், அது ஏற்கெனவே கக்கிய நஞ்சு சாகாது. கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் பால்கோவாவுக்குப் போகும் ஸ்டஃபைலோகாக்கஸின் நஞ்சு அரைமணி நேரக் கொதியைத் தாங்கும். வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் இருந்தும் அழியாது. அது குக்கரின் சூடு.

மளிகைக்கடை:
சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி, தயாரித்த அல்லது பாக்கெட் போட்ட தேதியும் ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ தேதியும் கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது விருப்பம் இருந்தால் கூடுதலாகப் போடுவது. எக்ஸ்பைரி தாண்டியதை விற்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு விநியோகஸ்தரையும் கடைக்காரரையும் இதற்குப் பொறுப்பாக்குகிறது. ‘பாதி விலை, பரவாயில்லையா’ என்று கேட்டு, வாங்குபவர் சம்மதித்தாலும் விற்றவர் குற்றவாளிதான். வீட்டில் இருப்பதை நீங்கள் சாப்பிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

கல்சட்டி:
நன்றி மளிகைக்கடை. என் வாதத்துக்குத்தான் இது பலம். முன்னே ‘பெஸ்ட் பிஃபோர்’ மட்டும் போட்டு வந்த பிஸ்கட்டும் மசாலாத்தூளும் இப்போ ‘எக்ஸ்பைரி’ன்னு போட்டு வருது. உள்ளே இருக்கிற பொருள் மாறலை, மேலே இருக்கிற சொல்தான் மாறியிருக்கு. பன்னீருக்கும் மல்லித்தூளுக்கும் ஒரே சொல் இருந்தா, அந்தச் சொல்லை வெச்சு மட்டும் எது ஆபத்துன்னு சொல்ல முடியாதே? ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டினாலும் உணவு முழுக்கப் பாதுகாப்பா இருக்கலாம், தரம் குறைஞ்சிருக்கலாம்னு அதே விதியின் வரையறையிலேயே இருக்கு.

வெளிநாட்டுலயும் இந்தப் பேச்சு நடக்குது. இங்கிலாந்தில் மாரிசன்ஸ் கடை 2022 ஜனவரியில் தன் சொந்தப் பெயரில் விற்கிற பாலில் பெரும்பாலானதுக்கு ‘யூஸ் பை’யை எடுத்துட்டு ‘பெஸ்ட் பிஃபோர்’ போட்டுச்சு, மோந்து பார்த்துக் குடிங்கன்னு சொல்லுச்சு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகம் வீணாக்கின உணவு 105 கோடி டன். அதில் அறுபது சதவீதம் வீடுகளில். இதை லேசா எடுத்துக்க என்னால முடியலை.

நுண்ணுயிரி:
வீணாவது எனக்கும் வலிக்கிறது. ஆனால் மாரிசன்ஸ் கதையை இங்கே கொண்டுவராதீர்கள். அந்தப் பால் பண்ணையிலிருந்து கடை அலமாரி வரை குளிர் விடாமல் வருவது. நம் பால் பாக்கெட் விடிகாலை வாசல் கதவில் தொங்கும் பையில் கிடந்து, ஆள் எழுந்த பிறகு உள்ளே வருகிறது. சித்திரை மாதத்தில் அந்த நேரத்திலேயே 28, 29 டிகிரி இருக்கும். 72 டிகிரியில் 15 விநாடி பதப்படுத்திய பாலில் எல்லாக் கிருமியும் சாவதில்லை, மிச்சம் இருப்பது சூட்டில் எழுந்து பெருகும். பாக்கெட்டில் உள்ள தேதி குளிரில் இருந்தால் என்ற நிபந்தனையோடு போட்டது.

அடுப்படி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தேதிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘குளிர்ந்த உலர்ந்த இடத்தில்’னு இருக்கும், அதை யாரும் படிக்கிறதில்லை. அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வெச்ச எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் அந்தத் தேதி செல்லாது. சூடு பத்து டிகிரி ஏறினா கெடுற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்னு கணக்கு. அடுப்பு மேல்தட்டு மே மாசத்தில் 40-ஐத் தாண்டும். ஆறு மாசம் தாங்குறது மூணு மாசத்தில் வாசம் போயிடும்.

பாக்கெட்டைப் பிரிச்சப்புறமும் பழைய தேதியையே நம்புறது இன்னொரு தப்பு. டெட்ரா பேக் பால் மூடியிருக்கிறவரை மாசக்கணக்கில் வெளியே இருக்கும். 135 டிகிரிக்கு மேல சில விநாடி காய்ச்சிக் கிருமியில்லாமல் அடைச்சது அது. வெட்டின நிமிஷத்திலிருந்து சாதாரணப் பால்தான். ஃப்ரிட்ஜில் வெச்சு ரெண்டு மூணு நாளில் முடிச்சிடணும். பிரிச்ச தேதியைப் பேனாவால் பாக்கெட் மேலேயே எழுதுங்க, அச்சடிச்ச தேதியைவிட அது உபயோகம்.

அப்புறம் கரண்ட் கட். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் குளிர் தாங்கும். ஃப்ரீசர் நிறைய இருந்தா 48 மணி, பாதி இருந்தா 24 மணி. நாலு மணிக்கு மேல போச்சுன்னா பால், பன்னீர், சமைச்ச குழம்பு, கறி எல்லாத்துக்கும் தேதி முடிஞ்ச மாதிரிதான், பாக்கெட்டில் இன்னும் பத்து நாள் இருந்தாலும். பச்சைக் காய், ஊறுகாய், நெய்க்கு ஒண்ணும் ஆகாது.

ஒரு சந்தேகம். கடையில் வாங்கின இட்லி மாவு பாக்கெட் உப்பிக்கிட்டு, தேதியும் ரெண்டு நாள் தாண்டியிருந்தா?

கல்சட்டி:
மாவு உப்புறது இயல்பு. லூகோனாஸ்டாக் மாதிரியான புளிக்க வைக்கிற கிருமிகள் விடுற கரியமில வாயு அது. புளிச்ச மாவின் பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்குற அளவு) 4.3, 4.5-க்கு இறங்கிடும், அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிக்கு வேலையில்லை. ரெண்டு நாள் தாண்டின மாவு புளிப்பு ஏறி இட்லி தட்டையா வரும். ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ போட்டுக்கலாம். மேலே ரோஸ், ஆரஞ்சு, கறுப்பு, பச்சைன்னு எந்தப் புள்ளி தெரிஞ்சாலும், அழுகின வாடை அடிச்சாலும் மொத்தமா கொட்டிடணும். மேலாக வழிச்சிட்டு அடியில் உள்ளதை எடுக்கக் கூடாது.

நுண்ணுயிரி:
இதில் ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: உப்பிய மாவு சரி என்பதை வைத்து, உப்பிய டின்னையும் உப்பிய டெட்ரா பாலையும் சரி என்று எண்ணிவிடாதீர்கள். அவை கிருமி நீக்கி மூடியவை, உள்ளே வாயு வர நியாயமே இல்லை. வந்தால் ஏதோ உயிர் பிழைத்துப் பெருகியிருக்கிறது. டின்னில் அது பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சு நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியாகவும் இருக்கலாம். நாக்கில் தொட்டுப் பார்க்காமல் எறியுங்கள், தேதி இரண்டு வருஷம் பாக்கி இருந்தாலும்.

இனி நான் பேச வந்த விஷயம், நிலக்கடலை. கல்சட்டியின் பட்டியலில் அது இல்லை, ஆனால் ‘காய்ந்த பொருள்’ என்றதும் எல்லாரும் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் கடலை, சோளம், வற்றல் மிளகாய் மூன்றிலும் ஏறி அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை விடும். வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாகப் போகாது. ஈரலுக்குப் புற்று வரவைக்கும். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு ஏறக்குறைய 400 பேர் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள், 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு நம் நாட்டில் அனுமதித்த உச்ச அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். கண்ணுக்கோ மூக்குக்கோ எட்டும் அளவா அது?

கல்சட்டி:
கடலையை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனா அதிலயும் தேதி காப்பாத்தலைங்கிறதைக் கவனிங்க. அந்த நஞ்சு வயல்லயும், அறுத்த கடலை சரியாக் காயாத களத்துலயும், மூட்டை நனைஞ்ச குடோன்லயும் ஏறுது. நேத்து பாக்கெட் போட்டதிலும் இருக்கலாம். அதனால தேதி இருக்கோ இல்லையோ, வறுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தட்டில் கைப்பிடி கடலையைப் பரப்புங்க. சுருங்கினது, தோல் கறுத்தது, முளைக்கண்ணில் மஞ்சள் கலந்த பச்சைப்பொடி ஒட்டினது, நசுக்கினா உள்ளே பழுப்பு தெரியுறது எல்லாத்தையும் எடுத்துடுங்க. நஞ்சு எல்லாக் கடலையிலும் சமமா பரவியிருக்காது, சில பருப்பில்தான் குவிஞ்சிருக்கும், அதனால பொறுக்கினா பெரும்பகுதி போயிடும். வாயில் போட்டது கசந்தா உடனே துப்பிடணும், விழுங்கிட்டு அடுத்ததைத் தேடக் கூடாது.

நுண்ணுயிரி:
பொறுக்குவது நல்லது, ஆனால் தேதிக்குள்ளேயே இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், தேதி தாண்டியதை இன்னும் கண்டிப்போடு அல்லவா பார்க்க வேண்டும்? ஈரம் ஏற ஏற நாள்தோறும் நஞ்சு கூடும். சென்னை ஐப்பசியில் பிரித்துவைத்த கடலை மூன்றே வாரத்தில் நமத்துப்போகும். நமத்த கடலையை மறுபடி வறுத்து மொறுமொறுப்பாக்கலாம். உள்ளே பூஞ்சணம் செய்ததை வறுத்து எடுக்க முடியாது.

செக்கடி:
எண்ணெயை விட்டுட்டீங்க. எண்ணெயில் கிருமி வளராது, அது காறும். காற்று, வெளிச்சம், சூடு மூணும் சேர்ந்து செய்யுற வேலை. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் காறும், தேங்காய் எண்ணெய் ரொம்ப நாள் தாங்கும். நல்லெண்ணெயில் செசமால் என்கிற காப்புப் பொருள் இயல்பாவே இருக்கிறதால நின்னு வரும். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்ச்சு மோந்து பாருங்க. பெயின்ட் வாடையோ சிக்கு வாடையோ அடிச்சா, தேதிக்கு உள்ளேன்னாலும் கொட்டிடலாம். வாடை இல்லைன்னா, அதுவரை மூடி திறக்காம இருந்த பாட்டில் தேதி ஒரு மாசம் தாண்டினதால் ஒண்ணும் ஆகாது.

நுண்ணுயிரி சொன்ன நஞ்சு செக்கில் ஆட்டின கடலை எண்ணெய்க்கும் வரும். பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் இறங்கும். சுத்திகரிக்கிற ஆலையில் காரம் சேர்க்கும்போதும் நிறம் நீக்கும்போதும் அது போயிடும், செக்கில் அந்த வேலை கிடையாது. செக்கெண்ணெயை விரும்புறவன்தான் நானும், அதனாலேயே சொல்றேன்: செக்குக்குக் கொடுக்கிற கடலையைப் பொறுக்கிக் கொடுங்க.

அடுப்படி:
குழந்தைக்குக் கரைச்சுக் கொடுக்கிற பால்பவுடர்? அதுவும் காய்ஞ்ச பொருள்தானே, கல்சட்டி கணக்கில் வருமா?

கல்சட்டி:
வராது. கிருமி வளராட்டாலும் வைட்டமின் நாளாக ஆகக் குறைஞ்சுட்டே போகும், அந்தக் குழந்தைக்கு வேற சாப்பாடு கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் வேண்டாம். அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டம் தேதி போட்டே ஆகணும்னு சொல்ற ஒரே உணவு அதுதான்.

மளிகைக்கடை:
என் பக்கத்துக் கேள்வி ஒன்று. டெட்ரா பால், மூடியபடி, தேதி ஐந்து நாள் தாண்டியது. இருவரும் என்ன சொல்கிறீர்கள்?

கல்சட்டி:
உப்பலை, கசியலை, ஓரம் நசுங்கலைன்னா வெட்டி டம்ளரில் ஊத்திப் பாருங்க. கட்டி, நூல், கசப்பு வாடை இல்லைன்னா காய்ச்சிக் குடிக்கலாம். கொஞ்சம் பழசான ருசி தெரியலாம், அவ்வளவுதான்.

நுண்ணுயிரி:
வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், கீமோ எடுப்பவர் யாரும் இல்லையென்றால் அந்தப் பால்வரைக்கும் நான் இறங்கி வருகிறேன். பன்னீருக்கும் கோழிக்கும் வரமாட்டேன்.