மூலத்தைக் காக்க நகல் போதுமா?

கேள்வி (கும்பகோணம்):
எகிப்தில் பண்டைய மன்னர் துட்டன்காமனின் கல்லறைக்கு முழு அளவில் ஒரு நகல் செய்து 2014-இல் லக்சர் அருகே திறந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள் சுற்றில், பொதுமக்கள் நுழைய முடியாத இடத்தில் இருக்கும் சோழர் ஓவியங்களுக்கும் இப்படிச் செய்யலாமா?

பதில் 1 (தஞ்சாவூர்):
செய்யலாம் என்பதே என் கருத்து. உள்ளே வரும் ஒவ்வொருவரும் விடும் மூச்சின் ஈரமும், உடம்புச் சூடும், காலில் ஒட்டி வரும் தூசியும் சேர்ந்துதான் சுண்ணாம்புப் பூச்சின் மேலுள்ள வண்ணத்தைக் கெடுக்கின்றன. எகிப்தில் கல்லறைச் சுவரை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளங்களோடு, பழுப்புப் புள்ளிகளைக்கூட விடாமல் வடித்திருக்கிறார்கள். கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரின் குழு உடைத்து அகற்றிய தெற்குச் சுவர்ப் பகுதியையும் பழைய புகைப்படங்களைக் கொண்டு மீட்டிருக்கிறார்கள். மூலத்தில் அதைப் பார்க்கவே முடியாது.

பதில் 2 (திருவையாறு):
ஐயா, ஓர் ஐயம். நகல் வந்த பின்னும் மூலக் கல்லறைக்குள் பயணிகள் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? தஞ்சையில் நிலைமை நேர்மாறு. கதவு முன்பே பூட்டியிருக்கிறது. ஆகவே இங்கே நகல் காவலுக்கன்று, காட்சிக்கே உதவும்.

கேட்டவர்:
சரிதான். 1931-இல் நாயக்கர் கால ஓவியத்தின் அடியிலிருந்து வெளிப்பட்ட அந்தச் சோழர் ஓவியங்களை, பக்கத்து ஊர்க்காரனான நான் இன்றுவரை அச்சுப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.