இருப்பு கொள்ளல

"இருப்பு கொள்ளலடா." அம்மா இதை முதலில் சொன்னபோது நான் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பொழுது சாய்ந்தால் ஆரம்பிக்கும். சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடை. அப்பாவுக்குத் தூக்கம் கெட்டால், "ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி அலையுற?" என்பார்.

முதலில் பார்த்த மருத்துவரிடமும் அம்மா அதே வார்த்தையைத்தான் சொன்னார். "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்று கேட்டார் அவர். கவலை யாருக்குத்தான் இல்லை? அம்மா தலையாட்டினார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை போட்டும் நடை நிற்கவில்லை. நானும் அது கவலைதான் என்றே நம்பி, "எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அது இன்றும் எனக்கு உறுத்தல்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர். வயதான பெண்மணி. அவர் கேட்ட முதல் கேள்வி: "எங்கம்மா இருப்பு கொள்ளல? நெஞ்சுலயா, கால்லயா?"

"கால்லதான் டாக்டர். உள்ளுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு. நடந்தா சரியாப் போகுது, உக்காந்தா திரும்ப வந்துடுது."

அதுவரை அம்மாவிடம் யாரும் இதைக் கேட்கவே இல்லை.

இதற்கு 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்', அதாவது ஓய்வில்லாத கால்கள், என்று பெயராம். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் எக்போம் 1945இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மாலையிலும் இரவிலும் கூடும், ஓய்வாக இருந்தால் வரும், கால்களை அசைத்தால் தணியும். உடலில் இரும்புச் சத்து குறைவது முக்கியமான காரணங்களில் ஒன்று. அதனால் அந்த மருத்துவர் ஃபெரிட்டின் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உடல் எவ்வளவு இரும்பைச் சேமித்து வைத்திருக்கிறது என்று காட்டும் பரிசோதனை அது. அம்மாவுக்கு மிகவும் குறைவாக இருந்தது.

வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. 'இரு' என்ற வினையிலிருந்து வந்தது இருப்பு. உட்காருவது, ஓரிடத்தில் தங்குவது, கடையில் கையிருப்பு எல்லாம் அதே வேர். 'கொள்' என்றால் பிடிப்பது, அடங்குவது. இந்தக் குடம் இவ்வளவு கொள்ளும் என்கிறோம், வாய் கொள்ளாத சிரிப்பு என்கிறோம். ஆக, இருப்பு கொள்ளவில்லை என்றால் ஓரிடத்தில் இருப்பது என்பது இந்த உடம்பில் அடங்கவில்லை, தங்க மறுக்கிறது. கவலை என்றோ பயம் என்றோ அந்தச் சொல்லில் எங்குமே இல்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

பயணத்துக்கு முந்தைய இரவும், பிள்ளையின் பரீட்சை முடிவு வரும் நாளும் இதையே சொல்கிறோம் என்பது உண்மைதான். அதனால்தான் அந்த மருத்துவரின் 'எங்க?' என்ற ஒரு கேள்வி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மனதையும் உடம்பையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழியில் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

பூனை விஷயத்திலும் அப்பாவோடு எனக்கு உடன்பாடில்லை. குட்டி போட்ட பூனை சும்மா அலைவதில்லை, குட்டிகளை வாயில் கவ்விப் பத்திரமான இடம் தேடுகிறது. பார்க்கிற நமக்குத்தான் அது வெறும் அலைச்சல். வெளியில் நின்று பார்ப்பவர் சொல்வது அது. இருப்பு கொள்ளல என்பதோ அனுபவிக்கிறவர் தானே சொல்வது.

இன்னொன்று. இரும்புக்கும் இருப்பு என்றொரு வடிவம் உண்டு, இருப்புப்பாதை, இருப்புச்சட்டி என்று வருகிறதே. அது வேறு சொல், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது அதைத்தான்.

மருத்துவர் சொன்னபடி சில மாதங்கள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டார். கால் தொந்தரவு மெல்ல மெல்லத்தான் குறைந்தது. போன வாரம் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். சாயங்காலம் உட்கார்ந்து, நடுவில் ஒருமுறைகூட எழுந்திருக்காமல், நாலு முழம் பூ கட்டி முடித்தாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.